விக்டோரியா பார்க்கில் ஒற்றைப் பூநாரை

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கொழும்பிலுள்ள தம்பிக்கு, நலம் நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கும் கடுதாசிகள்தான். வரி கோணிக்கொண்டு போகும். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று குறுக்கே வரும். பெயர்கள் மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் பக்கத்துக்குப் பயணம் எழுதி அனுப்பலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்ததைப் பக்கத்து வீட்டு ராஜம் வாசித்துக் காட்டி, “நம்ம தெருவுல நீங்க ஒருத்தங்கதான் கடல் தாண்டிப் போனவங்க” என்று என் கையில் பேனாவைத் திணித்துவிட்டாள்.

நான் போனது வெள்ளைக்காரன் காலத்தில், ஜெர்மன் சண்டை வருவதற்கு முன்பு. என் தம்பி ஆறுமுகம் இளவயதிலேயே தூத்துக்குடியை விட்டுக் கொழும்புக்குப் போய், கொட்டாஞ்சேனையில் குடும்பமாகிவிட்டவன். அவன் மகன் வேலாயுதத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். “அக்கா வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வெற்றிலை மாற்றுவேன்” என்று தம்பி எழுதிவிட்டான். வேலு நாலைந்து வருஷம் தூத்துக்குடியில் என்னிடம் இருந்து படித்த பிள்ளை. போகாமல் முடியுமா?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் தாலி அறுத்தவள். முறைப்படி பெண் பார்க்கப் போகிற இடத்தில் எனக்குக் கூடத்தில் வேலை இல்லை, பின்கட்டோடு சரி. ஆனால் அதற்கு முன்னால் சாடையாகப் பார்ப்பது என்று ஒன்று எங்களில் உண்டு. கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டபின் வேண்டாம் என்று சொன்னால் பெண்ணின் பேர் கெட்டுவிடும் அல்லவா? அதனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி ஏதாவது பொது இடத்தில் பெண்ணைக் கண்ணால் பார்த்துக்கொள்வாள். இரண்டு பக்கத்துக்கும் தெரியும், இரண்டு பக்கமும் தெரியாததுபோல் இருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, கும்பிடக் கூடாது, பேசவே கூடாது. பிடிக்கவில்லையென்றால் ஒன்றும் நடக்காததுபோல் விட்டுவிடலாம். இந்த வேலைக்கு என்னைப்போல வாகான ஆள் கிடையாது. வெள்ளைச் சேலைக்காரியை யார் கவனிக்கிறார்கள்? அதோடு பேசாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வந்த வித்தை.

கப்பலைப் பற்றி எழுதமாட்டேன். நான் அதில் பார்த்ததெல்லாம் ஒரு வாளியின் உட்புறம்.

கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் தம்பி பெண்சாதி செல்லம்மா நின்றாள். அவள் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு ஆளின் பேச்சை ஒருத்தியே பேசுவாள்.

“வாங்கோ மச்சாள், வாங்கோ! கடல் நல்லா ஆட்டிப்போட்டுதோ? முகமெல்லாம் வத்திப்போச்சே. இருங்கோ, முதல்ல ஒரு பிளேன்டீ குடியுங்கோ.”

பிளேன்டீ என்றால் பால் ஊற்றாத தேயிலைத் தண்ணீர். தேயிலை விளைகிற ஊரில் பாலுக்கு என்ன பஞ்சமோ என்று நினைத்தேன், கேட்கவில்லை. மறுநாள் காலையில் தட்டில் ரொட்டித் துண்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பாண் என்று அதற்குப் பேர். எங்கள் ஊரில் காய்ச்சல்காரர்களுக்குத்தான் ரொட்டி கொடுப்பது. “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று பயந்து கேட்டேன். செல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொழும்பில் எல்லாருக்கும் தினமும் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாள் எனக்கென்று ஒரு கிண்ணம் தேங்காய்ச் சம்பல் அனுப்பியிருந்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் உப்பளத்துக் காற்று வீசியதுபோல இருந்தது. மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருக்கிறது. நான் சைவம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மனம் நோகக் கூடாதென்று கிண்ணத்தைக் கழுவி, இரண்டு கருப்பட்டி போட்டுத் திருப்பி அனுப்பினோம். தம்பிதான் சம்பலை வழித்துத் தின்றான்.

அன்றைக்கு வேலு என்னை ட்ராம் வண்டியில் ஏற்றி ஊர் காட்டப் போனான். மாடும் இல்லை, புகையும் இல்லை, தலைக்கு மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒரு கோல், அவ்வளவுதான். அதன் சக்தியில் இத்தனை பேரும் போகிறோம். வளைவு ஒன்றில் கோல் கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது. வண்டி நின்றது. கண்டக்டர் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து, ஆகாயத்தில் மீன் பிடிப்பவனைப்போலக் கோலை ஆட்டினான். கோல் கம்பியைத் தவிர எல்லாவற்றையும் தொட்டது. பின்னாலிருந்த ரிக்‌ஷாக்காரன் சிங்களத்தில் ஏதோ கத்தினான். வண்டியே சிரித்தது. என்னவென்று வேலுவிடம் கேட்டேன். “தூண்டில்ல புழு குத்தினியாண்டு கேக்கிறான் அத்தை” என்றான்.

அந்த நிறுத்தத்தில்தான் வேலு குரலைத் தாழ்த்தினான்.

“அத்தை, ஒண்டு சொல்லுவன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு.”

“எப்பல பாத்த?”

“வேலை விசயமா ரயில்ல வெள்ளவத்தைப் பக்கம் போவன். ஸ்டேசனடியில நிப்பா. நீங்கள் வேண்டாமெண்டா அப்பா விட்டுடுவார். ஓமெண்டு சொல்லுங்கோ அத்தை.”

“ஆளு எப்படி இருப்பா?”

யோசித்தான். “ரயிலுக்குள்ள இருந்து பாத்தது. நல்லா இருப்பா.”

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆனால் பிள்ளையின் காது சிவந்திருந்தது. என் ஒற்றை வார்த்தைக்கு இத்தனை கனம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

சாயந்தரம் தம்பி செய்தித்தாளை வாசித்தான். விக்டோரியா பார்க்கில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் கொழும்பே காணாத ஒரு பறவை வந்து இறங்கியிருக்கிறதாம். ஊரே போய்ப் பார்க்கிறதாம். செல்லம்மா கையிலிருந்த அகப்பையோடு ஓடி வந்தாள். “நல்ல சாட்டு! கோயிலில பாக்கிறதைவிட இது நல்லது. பறவை பாக்கப் போனமெண்டா ஆர் என்ன கேக்கிறது?” உடனே வெள்ளவத்தைக்குச் சொல்லியனுப்பினாள். பெண் மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு தாயோடு வரும் என்று பதில் வந்தது.

மறுநாள் நாலு மணிக்குப் போனோம். மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது என்பதால் வேலுவைக் கேட்டில் நிறுத்திவிட்டோம். மழையில்லாத நேரத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவனைத்தான் பார்த்தார்கள்.

உள்ளே திருவிழாக் கூட்டம். துரைசானிகள் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்திருந்தார்கள். தொப்பிக்காரர், சாரம் கட்டினவர், குடுமிக்காரர், எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கடலைக்காரன் ஒருவன் பறவையை அவனே கொண்டுவந்ததுபோல நடுவில் நின்று விற்றான். நானும் இடுக்கில் புகுந்து எட்டிப் பார்த்தேன்.

பூநாரை!

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம். வருஷந்தோறும் கூட்டங்கூட்டமாய் வந்து நிற்கும். வெந்நீர் வைக்கச் சுள்ளி பொறுக்கும்போது பார்ப்பேன், முகம் கழுவும்போது பார்ப்பேன், பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பார்ப்பேன். இதைப் பார்க்கவா வாளியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தேன் என்று சிரிப்பு வந்தது. எல்லாரும் பறவையைப் பார்க்க, நான் ஒருத்திதான் ஆட்களைப் பார்த்தேன். வந்த காரியத்துக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

செல்லம்மா என் இடுப்பில் இடித்தாள். கை காட்டக் கூடாதல்லவா, அதனால் மோவாயால் காட்டினாள். “தாய்க்காரி. பச்சைக் கரை. அங்கால பாக்காதேங்கோ, பாருங்கோ.” பச்சைக் கரைச் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பறவை தரையில் நிற்கிறது, அவள் வானத்தைப் பார்க்கிறாள். அதிலிருந்தே அவள்தான் என்று தெரிந்தது. அவள் தோளை உரசிக்கொண்டு மாம்பழச் சேலையில் ஒரு பெண்.

அந்தப் பெண் கடலை தின்றுகொண்டிருந்தது. தொலியை முன்னால் நின்ற கிழவரின் முதுகில் துப்பியது. கிழவர் திரும்பினார். பெண் வேறு பக்கம் பார்த்தது. அவர் முன்னே திரும்பியதும் மறுபடி துப்பி, தோளைக் குலுக்கிச் சிரித்தது. பச்சைக் கரையம்மாள் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. என் நெஞ்சு இறங்கிவிட்டது. வேலு, நீ ரயிலை விட்டு இறங்கிப் பார்த்திருக்கக் கூடாதா?

இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம் என்று பள்ளத்தின் ஓரமாக நகர்ந்தேன். கரை சேறு. ஒரு கால் சர்ரென்று போனது. விழுந்தேன் என்றுதான் நினைத்தேன். யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

“ஆச்சி! பறவையோட குளிக்கப் போறீங்களோ?”

சாயம் போன நீலச் சேலையில் ஒரு பெண். முழங்கால்வரை சேறு. அவளும் வழுக்கியவள்தான்போல. இரண்டு பேரும் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம், சிரித்துவிட்டோம்.

எனக்குப் புது ஆளிடம் பேச வராது. தூத்துக்குடியில் பால்காரனிடம்கூடக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசுவேன். ஆனால் சேற்றில் நிற்கும்போது வெட்கப்பட என்ன இருக்கிறது? அதோடு இந்தப் பெண்ணை இனிமேல் பார்க்கப் போவதில்லை.

“எங்க ஊர் உப்பளத்துல இது ஆயிரக்கணக்குல நிக்கும்மா. நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்” என்றேன்.

“மெய்தானோ? அப்ப சத்தம் போடாதேங்கோ. கடலைக்காரன் உங்களை அடிப்பான்.”

பக்கத்தில் ஒரு துரைசானி இன்னொருத்தியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். என்னவாம் என்றேன். “கூட்டத்தை விட்டுட்டு வழி தப்பி வந்திருக்காம்” என்றாள் நீலச் சேலை. பின்னால் ஒரு சிங்களக் கிழவர் மனைவியிடம் எதையோ சொல்ல, கிழவி அவர் முதுகில் அடித்தாள். “நீ வெத்திலை துப்பின தண்ணியைக் குடிச்சுத்தான் அது சிவந்துபோச்செண்டு சொல்றார்” என்று அதையும் மாற்றிச் சொன்னாள்.

வழி தப்பி வந்தது என்று கேட்டபிறகுதான் நான் பறவையைப் பார்த்தேன். கூட்டமாக நின்றால் அது ஒரு நிறம், அவ்வளவுதான். தூரத்தில் சேலை காயப்போட்டதுபோல இருக்கும். ஒன்றே ஒன்றாக நிற்கும்போதுதான் அதற்கு மஞ்சள் கண் இருப்பது தெரிந்தது. தலையைக் கவிழ்த்து, வளைந்த மூக்கைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அலசியது. நாலு அடி நடக்கும், நின்று இந்தப் பக்கம் பார்க்கும், அந்தப் பக்கம் பார்க்கும், மறுபடி அலசும். இத்தனை வருஷம் பார்த்தும் நான் பூநாரையைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

“ஆச்சி இதைப் பாக்கத்தான் வந்தீங்களோ?”

சொல்லக் கூடாதுதான். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. “இல்லம்மா. எந் தம்பி மகனுக்குப் பொண்ணு பாக்க வந்தேன். கொட்டாஞ்சேனை. அந்தா நிக்கி பாரு, மாம்பழச் சேலை. வெள்ளவத்தைப் பொண்ணு. யார்ட்டயும் சொல்லிராத.”

நீலச் சேலை மாம்பழச் சேலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

“தும்மல் ஆச்சி” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மாப்பிள்ளை என்ன மாதிரி?” என்றாள்.

“நல்ல பையன். தவளையக் கண்டா கட்டில் மேல ஏறிருவான்.”

“குடி?”

“தேயிலைத் தண்ணிதான். அத மாடு மாதிரி குடிப்பான்.”

“கோவக்காரரோ?”

“கோவம் வந்தா சாப்பிடாமப் படுத்துருவான். பசிச்சா அவனே எந்திரிச்சு வந்துருவான். நாம கூப்பிடக்கூட வேண்டாம்.”

அவள் பறவையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு வேறு குரலில் கேட்டாள். “அந்தப் பிள்ளை என்ன செய்யுது?”

“ஏதோ பள்ளிக்கூடத்துல டீச்சராம்.”

“கலியாணத்துக்குப் பிறகு படிப்பிக்கப் போக விடுவீங்களோ?”

“எந் தம்பி விடமாட்டான். வீட்டுப் பொம்பளை வெளிய வேலைக்குப் போனாத் தனக்குக் கேவலம்பான்.”

“ஒருத்தர் சொல்லியும் கேக்கமாட்டாரோ?”

“நாஞ் சொன்னா கேப்பான்.”

“சொல்லுவீங்களோ ஆச்சி?”

யாரோ ஒரு மாம்பழச் சேலைக்காக இந்தப் பெண் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இங்கிலீஷ் தெரிந்தவளாயிற்றே, இவளும் டீச்சர்தான்போல, டீச்சர்மார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “சொல்லுதேன்” என்றேன். “ஆனா அந்தப் பிள்ளை கடலைத் தொலியத் துப்புதே, அதான் யோசனையா இருக்கு.”

“வீட்டுக்குள்ள துப்பமாட்டா ஆச்சி. நான் பொறுப்பு. நீங்கள் ஓமெண்டே சொல்லுங்கோ.”

அப்போது யாரோ ஒரு சிறு கல்லை விட்டெறிந்தார்கள். கான்ஸ்டபிள் விசில் ஊதினான். கல்லுக்குப் பயப்படாத பறவை விசிலுக்குப் பயந்துவிட்டது. தண்ணீர்மேல் தபதபவென்று ஓடி, கால் தூக்கி, இறக்கையை விரித்தது. உள்பக்கம் முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் கருப்பு. கூட்டம் ‘ஆ’ என்றது. நானும் ‘ஆ’ என்றேன். மரங்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் கடல் பக்கம் போய்விட்டது. திரும்பினால் நீலச் சேலையைக் காணவில்லை.

கேட்டில் குடை எங்களுக்காகக் காத்திருந்தது. “எப்படி மச்சாள்?” என்றாள் செல்லம்மா. குடைக்குக் கீழே வேலுவின் கால்கள் அசையாமல் நின்றன. பெயர்கூடக் கேட்காத ஒரு பெண்ணின் பொறுப்பை நம்பி, “சரிதான். பேசி முடிங்க” என்றேன். குடை ஒரு சுற்றுச் சுற்றியது.

அந்த வெள்ளிக்கிழமை முறைப்படி வெள்ளவத்தைக்குப் போனோம். வீடு ரயில் பாதைக்குப் பக்கம். ரயில் வந்தால் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும், மனுஷர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அது போகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆண்கள் கூடத்தில். என்னைப் பின்கட்டில் உட்கார வைத்து, தட்டு நிறையத் தொதல் வைத்தார்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டியது. இதை நம் ஊரில் ஏன் செய்வதில்லை என்று தெரியவில்லை. நான் மூன்றாவது துண்டில் இருந்தபோது, தேநீர்த் தட்டை எடுக்க ஒரு பெண் சமையல்கட்டிலிருந்து வந்தாள்.

மாம்பழச் சேலைதான். ஆனால் அதற்குள் இருந்தது நீலச் சேலை.

கையிலிருந்த தொதலை மறுபடி தட்டில் வைத்தேன். அவள் குனிந்து தட்டை எடுக்கிற சாக்கில் மெதுவாகச் சொன்னாள். “அண்டைக்கு என்னைச் சந்தையில விக்கிற ஆட்டுக்கு மை பூசி நிப்பாட்டுற மாதிரி நிப்பாட்டப் பாத்தாங்க ஆச்சி. அதுதான் மாம்பழச் சேலையை வீட்டில வச்சிட்டு நீலத்தைக் கட்டிக்கொண்டு வந்தன். அம்மாவுக்குப் பக்கத்தில மாம்பழச் சேலையோட நிண்டவ ஆரெண்டு எங்களுக்கும் தெரியாது.”

சிவகாமி என்று பெயராம். கூடத்துக்குப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வேலு கோப்பையை எடுக்கும்போது சாஸர் நடுங்குகிற சத்தம் ரயில் இல்லாமலே கேட்டது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வெற்றிலைத் தட்டு நடுவில் வந்தது. அப்போது என் தம்பி தொண்டையைக் கனைத்தான்.

“ஒரு விஷயம். எங்க வீட்டுக்கு வந்தப்புறம் பிள்ளை வேலைக்குப் போக வேண்டாம். அது நமக்கு வழக்கமில்லை.”

பெண்ணின் தகப்பனார் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். வேலு வாயைத் திறந்து மூடினான். சிவகாமி அவனைப் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். அப்போதுதான் ரயில் வந்தது. தம்ளர்கள் ஆடின. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு இருக்கிற இடத்துக்கு நான் வரக் கூடாது. கால் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ரயில் போய் முடிந்தபோது கூடத்தின் நடுவில் வெள்ளைச் சேலையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

“பிள்ளை படிப்பிக்கப் போகட்டும், தம்பி. நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“யாருக்குக்கா?”

“இந்தப் பிள்ளைக்குத்தான்.”

“எங்க வச்சு?”

“பார்க்குல.”

பச்சைக் கரையம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். “சாடையாப் பாக்க வந்த இடத்தில கதைச்சவையோ?”

தம்பிக்கு அந்த முறைகேடெல்லாம் காதில் ஏறவில்லை. வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தான். “நீ பேசினியா? நீயா? புது ஆளுகிட்டயா?”

“சேத்துல நின்னோம்” என்றேன். வேறென்ன சொல்வது?

 பிறகு தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சம்பந்தியைப் பார்த்தான். “எங்கக்கா ஒரு கூட்டத்துல வாயைத் தொறந்து நான் கேட்டதில்லை. தொறந்துட்டா. நான் என்னத்தச் சொல்ல? போகட்டும்.” தட்டை அவனே முன்னால் தள்ளினான். நான் போன சுவடு தெரியாமல் பின்கட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.  மிச்சத் தொதலையும் தின்று முடித்தேன்.

சிவகாமி இன்றைக்கும் படிப்பிக்கிறாள் என்று கடுதாசி வருகிறது.

இதில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளம் பார்க்குக்குள்தானா, வெளியிலா? ட்ராம் கழன்றது எந்தத் தெருவில்? பூநாரைக்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறதா? சிங்களப் பேச்சையும் காதில் விழுந்தபடி தமிழில்தான் எழுதியிருக்கிறேன். கொழும்பு தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும். என் தம்பி அன்றைக்குப் பிளந்த வாயை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அது அவ்வளவு பெரிதுதான்.